காயிலில் இரண்டு வயர்

அருப்புக்கோட்டையில் அந்தக் காரில் கை வைக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று பேர் இருந்தது. அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு டிரைவரைத் திருடனாக்கினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவது வரைதான் படிப்பு. பிறகு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தேன். கிரீஸ் துடைத்து, டயர் கழற்றி, அடி வாங்கி, பத்து வருஷத்தில் மெக்கானிக் ஆனேன். அறுபதுகளின் நடுவில் திருச்சுழி ரோட்டில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டேன். லாரி, வேன், வாடகைக் கார், கிணற்றில் ஓடும் ஆயில் எஞ்சின், எது வந்தாலும் பார்ப்பேன்.

காருக்குச் சொந்தக்காரர் பஞ்சு வியாபாரி. பருத்தியில் கொட்டை எடுக்கிற ஜின்னிங் பேக்டரியும் வைத்திருந்தார். மெட்ராஸில் வெளிநாட்டு அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது ஏலத்தில் விட்ட காரை அவர் எடுத்து வந்தார். அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம், நடுவில் கார்ப்பரேட்டர். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் இரண்டு றெக்கை. ஸ்டியரிங் இடது பக்கம். ஊரில் அதைக் கப்பல் என்றார்கள். பஜாரில் அது திரும்பாது. முதலாளி வீட்டுத் தெருவுக்குள் நுழையாது. பேக்டரி வாசலில்தான் நிற்கும். அதை வைத்துக்கொண்டு அவர் மதுரைக்குப் போய் வந்தார், விருதுநகருக்குப் போய் வந்தார், கல்யாண வீடுகளுக்குப் போனார். அவ்வளவுதான் அந்தக் காருக்கு இங்கே வேலை.

டிரைவர் எம்.ரெட்டியபட்டிக்காரன். என் வயதுதான். நான் பஸ் கம்பெனி ஷெட்டில் இருந்தபோது அவன் அங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். வாய் நீளம், கை சுத்தம். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால், முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது அவனுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் பேக்டரிக் கணக்கப்பிள்ளைதான் எட்டிப் பார்த்து, போகலாம், போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு லாரி என்றால் பயம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தால்கூட, வேண்டாம் என்பார். டிரைவர் என்னிடம் வந்து அழுவான்.

"எட்டுக் குதிரையப் பூட்டிக்கிட்டு எரும மாட்டுக்குப் பின்னாலயே போறேன்லே. காரியாபட்டி வரைக்கும் அதோட வாலத்தான் பாத்தேன்."

முதல் இரண்டு வருஷம் பெரிய தொந்தரவு இல்லை. வந்ததெல்லாம் இந்த மண்ணின் கோளாறுதான். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு பிடிக்கும். கார் கொதிக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதை மட்டும் ஊற்றச் சொன்னேன். மழையே இல்லாத ஊரில் இதைச் சொன்னதற்குக் கணக்கப்பிள்ளை சிரித்தார். கோடையில் எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிக் கார் நடுரோட்டில் நிற்கும். பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றினால் கிளம்பும். டிரைவர் எப்போதும் ஒரு பானைத் தண்ணீரும் கிழிந்த வேட்டியும் டிக்கியில் வைத்திருப்பான்.

அந்தக் காரைப் பார்க்கத் தொடங்கிய பிறகு என் கொட்டகைக்கு மல்லாங்கிணறு, விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்கக் காரையே பார்க்கிறவன் என்றார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காரோடு வந்த புத்தகத்தில் படம் மட்டும் பார்ப்பேன். கேட்டுப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், தொட்டுப் பார்ப்பேன். அதுதான் என் வித்தை. அது போதும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வருஷம் பேட்டரி செத்தது. புது பேட்டரி வாங்கி வந்தார்கள். நான் மாட்டினேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பேட்டரிக்கு இரண்டு முனை. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். ஒரு முனையை வயர் வழியாக விளக்குக்கும் ஹாரனுக்கும் கொடுப்பார்கள். இன்னொன்றைக் காரின் இரும்பு உடம்போடு சேர்த்து முடுக்கிவிடுவார்கள். அதற்கு எர்த்து என்று பேர். அதுவரை நான் கை வைத்த கார் அத்தனையிலும் பிளஸ்தான் எர்த்து. இந்தக் காரில் பழைய பேட்டரியைக் கழற்றும்போது பார்க்கிறேன், மைனஸை உடம்புக்குக் கொடுத்திருந்தார்கள். மெட்ராஸில் எவனோ மாற்றி மாட்டியிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

டிரைவர் பக்கத்தில் நின்றான். முன்னே இருந்த மாதிரியே மாட்டிவிடச் சொன்னான்.

"எந்தக் காருலடா மைனஸ பாடிக்குக் குடுத்துருக்கான்? நீ ஸ்டியரிங்கப் பிடி. இத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பிளஸை உடம்பில் முடுக்கினேன். சார்ஜ் காட்டும் மீட்டரின் முள் தலைகீழாக ஓடியது. மீட்டருக்குப் பின்னால் வயரை மாற்றிப் போட்டேன், சரியாக ஓடியது. டைனமோவுக்கு ஒரு வயரால் தட்டிக் கொடுத்தேன், அதுவும் திசை மாறிக்கொண்டது. விளக்கு எரிந்தது. செல்ப் அடித்தால் எஞ்சின் ஓடியது. ரேடியோ மட்டும் பாடவில்லை. அது முன்பும் கரகரவென்றுதான் இருந்தது, முதலாளி அதைப் பற்றிக் கேட்கவில்லை. எவனோ செய்த தப்பைத் திருத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. காயில். பேட்டரி கரண்டை வாங்கிப் பெரிதாக்கி, பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குக்கு அனுப்புகிற டப்பா. அதன் தலையில் இரண்டு சின்ன வயர் இருக்கும். எர்த்து மாறினால் அந்த இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காரின் ஓட்டம் நிற்காது. பொறி மட்டும் மெலிந்து பாயும். பிளக் புதிதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிளக் தேயத் தேயத்தான் தெரியும், கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் வழியாகப் போகும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரியாது.

ஆறேழு மாதம் கழித்து ஆரம்பித்தது. பருத்தி சீசன். முதலாளி வாரத்தில் மூன்று நாள் மதுரை போய்க்கொண்டிருந்தார். போய்வர இருபது லிட்டர் பெட்ரோல் குடிக்கிற கார் இருபத்தைந்து குடிக்கத் தொடங்கியது. முதலில் இதைச் சொன்னவர் பெட்ரோல் பங்க்காரர். டாங்கு ஓட்டையா என்று கணக்கப்பிள்ளையிடம் கேலியாகக் கேட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை அதை முதலாளியிடம் கேலியாகச் சொல்லவில்லை.

டிரைவர் காரை என்னிடம் கொண்டுவந்தான். நான் ஒழுகல் பார்த்தேன். இல்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து, உள்ளேயிருக்கிற தோல் கிழிந்து பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கிறதா என்று ஆயிலை மோந்து பார்த்தேன். இல்லை. நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் சூடாக இருக்கும். இல்லை. காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கிற பாயிண்டைத் தேய்த்தேன். கண்டன்சரை மாற்றினேன். பிளக்குகளைக் கழற்றினால், எட்டில் மூன்று கரி பிடித்து ஈரமாக இருந்தன. சுத்தம் செய்து, இடைவெளியைக் குறைத்துத் தட்டி மாட்டினேன்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. மறு வாரம் பழைய கதை.

நானே மதுரை வரை கூடப் போனேன். சமதரையில் சத்தமே இல்லாமல் போகும். காரியாபட்டி தாண்டி மேடு ஏறும்போது மிதித்தால் மட்டும் எங்கோ ஒரு தட்டல். சைலன்சர் பொட்டென்று வெடிக்கும். பிறகு சரியாகிவிடும். எட்டு சிலிண்டரில் இரண்டு கொஞ்ச நேரம் வேலை செய்யாவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். டிரைவர் சொன்னான். வண்டி சோர்ந்து போகுது, மாடு படுக்கப் போகிற மாதிரி இருக்குது என்றான். நான் மறுபடி பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுபடி ஒரு வாரம்.

இப்படி நாலைந்து தடவை. அந்த ஒரு வாரம்தான் அவன் தலையில் விடிந்தது. முதலாளி என்னை பேக்டரிக்கு வரச் சொன்னார்.

"ஏப்பா, ஒன் ஷெட்டுக்கு வந்துட்டுப் போனா ஒரு வாரம் ஒழுங்கா ஓடுது. அப்புறம் குடிக்குது. வண்டி குடிக்கிதா, ஆளு எடுக்கிறானா?"

டாங்கில் குழாய் விட்டு பெட்ரோலை உறிஞ்சி விற்கிற டிரைவர்கள் அப்போது இருந்தார்கள். என் கொட்டகைக்கே டின்னில் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு. இவன் அந்த வேலை செய்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வண்டியில் கோளாறு இருக்கிறதா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல முதலாளி" என்றேன்.

அன்றைக்கு அது பொய் இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

முதலாளி போலீசுக்குப் போகிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று சொன்னார். இந்தப் பக்கம் அதுதான் வழக்கம். ஒருவன்மேல் சந்தேகம் வந்தால், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்கக் கூடாது. கருப்பன் பார்த்துக்கொள்வான். பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான். திருட்டைக்கூட ஊர் மன்னிக்கும், அதை மன்னிக்காது.

டிரைவர் உடனே ஒத்துக்கொண்டான். அவனுக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமையோடு இந்தப் பேச்சு முடிந்தது என்று என்னிடம் வந்து சொன்னான்.

புதன்கிழமை நான் மதுரைக்குப் பிளக் வாங்கப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் எந்த வண்டிக்கு என்று கேட்டார். சொன்னேன். என்ன தொந்தரவு என்றார். சொன்னேன். எர்த்து என்ன என்று கேட்டார்.

"பிளஸ்ஸு."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அந்த வண்டிக்கு மைனஸ்தானே எர்த்து, யார் மாற்றினது என்றார். யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அங்கேயே பொய் தொடங்கிவிட்டது. அவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். பிளக்கின் வயரைக் கழற்றி, வயர் நுனிக்கும் பிளக்குக்கும் நடுவில் பென்சில் கரியைப் பிடிக்க வேண்டும். பொறி பாயும்போது கரியிலிருந்து தீ பிளக் பக்கம் நீண்டால் சரி. வயர் பக்கம் நீண்டால் காயில் மாறியிருக்கிறது. பேட்டரியைத் தொட வேண்டாம், காயிலின் இரண்டு வயரை மாற்றினால் போதும் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதையே யோசித்தேன். அது நான் செய்தது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். விருதுநகர்க்காரன் வர மாட்டான். மல்லாங்கிணற்றுக்காரன் வர மாட்டான். பேக்டரியில் மாதச் சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் வேண்டும் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதுவும் போகும். டிரைவரைப் பற்றியும் யோசித்தேன். ஆனால் கடைசியில்தான் யோசித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டிரைவர் காரைக் கொண்டுவந்தான். பானெட்டைத் தூக்கினேன். அவனை உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓட விடச் சொன்னேன். பானெட் தூக்கியிருந்ததால் அவனுக்கு என் முகம் தெரியாது. ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, பென்சில் கரியைப் பிடித்தேன். தீ வயர் பக்கம் நீண்டது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். காயிலின் தலையில் இரண்டு நட்டு. கழற்றி, வயரை மாற்றி, முடுக்கினேன். மறுபடி ஓட விட்டுப் பிடித்தேன். தீ பிளக் பக்கம் நீண்டது. ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"என்னலே, கண்டுபிடிச்சிட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"பாயிண்டு அழுக்கா இருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

நான் போட்ட திட்டம் இதுதான். நாளைக்கு அவன் சத்தியம் செய்யப் போகிறான். உண்மையைத்தான் சொல்லப் போகிறான், அதனால் அவனுக்குக் கெடுதல் இல்லை. கார் இனிமேல் சரியாக ஓடும். பேச்சு தானாக அடங்கிவிடும். யாருக்கும் நட்டம் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். இதை ஐந்தாவது படிக்கிற பிள்ளையிடம் சொல்லியிருந்தால் அதுகூட எங்கே இடிக்கும் என்று சொல்லியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் நின்றோம். முதலாளி, கணக்கப்பிள்ளை, பங்க்காரர், பேக்டரி ஆட்கள் இரண்டு பேர், பூசாரி, நான். என்னையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டிரைவர் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு வந்தான். பூசாரி சூடத்தை ஏற்றினார்.

"இந்த வண்டியில இருந்து ஒரு சொட்டு பெட்ரோல் நான் எடுத்ததில்ல. எடுத்திருந்தா கருப்பன் என்னையக் கேக்கட்டும்" என்றான். உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தான்.

எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டோம். நானும் பூசிக்கொண்டேன். முதலாளி அவன் தோளைத் தட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

மறுநாள் மதுரை போய் வந்தார்கள். இருபது லிட்டர். அடுத்த வாரம் மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் இருபதுதான். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. இந்தத் தடவை ஒரு வாரத்தோடு நிற்கவில்லை. பங்க்காரர்தான் மறுபடி முதலில் சொன்னார். சத்தியம் பண்ணின மறுநாளிலிருந்து வண்டி ஒழுங்காகிவிட்டது, கருப்பன் டாங்கையே அடைத்துவிட்டான் என்று. டீக்கடை வரை போய்விட்டது பேச்சு. எடுத்திருக்கிறான், பயத்தில் பொய்ச் சத்தியமும் செய்திருக்கிறான், அதற்குப் பிறகு பயந்து நிறுத்திக்கொண்டான். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள். எனக்கு விஷயம் தெரியாமல் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வாரம் பேக்டரியிலிருந்து ஆள் வந்தது. போனேன். முதலாளி நாற்காலியில் இருந்தார். கணக்கப்பிள்ளை நின்றார். டிரைவர் பஞ்சுப் பொதிக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தான். என்னைக் கூப்பிடச் சொன்னதே அவன்தான்.

"சத்தியம் பண்ணுறதுக்கு முந்தின நாளு நீ என்னமோ செஞ்சயாம். அதுல இருந்துதான் வண்டி மாறுச்சுன்னு சொல்றான். என்னப்பா செஞ்ச?" என்று முதலாளி கேட்டார்.

"பாயிண்டு சுத்தம் பண்ணேன்."

"அதுக்கு முன்னால பண்ணலையா?"

"பண்ணியிருக்கேன்."

"எத்தன தடவ?"

"நாலஞ்சு தடவ."

"அப்பல்லாம் ஒரு வாரந்தான நின்னுச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏலே, வேற என்னமோ செஞ்ச. வண்டி அன்னைக்கே வேற வண்டியா இழுத்துச்சு. எனக்குத் தெரியாதா? சொல்லிரு" என்றான் டிரைவர்.

"அவ்வளவுதான் செஞ்சேன்" என்றேன்.

முதலாளி கையை நீட்டினார். டிரைவர் சாவியை எடுத்து அந்தக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனான்.

பஸ் கம்பெனி அவனை எடுக்கவில்லை. லாரிக்காரர்கள் எடுக்கவில்லை. சாமி முன்னால் பொய் சொன்னவன் கையில் வண்டியைக் கொடுக்க யாருக்கும் மனம் இல்லை. ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். அந்த வருஷம் அவன் வீட்டுப் பசுமாடு செத்தது. அதையும் கருப்பன் வேலை என்றார்கள். எனக்கு பேக்டரியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம். காருக்கு வேறு டிரைவர் வந்தான். கார் நன்றாக ஓடியது.

மூன்று வருஷம் கழித்து பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் முதலாளி அந்தக் காரை விற்கத் தீர்மானித்தார். வாங்குகிறவர் வெளியூர். அங்கே தெரிந்த மெக்கானிக் எவனாவது திறந்து பார்ப்பான் என்று எனக்குத் தோன்றியது. கொடுப்பதற்கு முதல் நாள் பேட்டரியைப் பழையபடி மைனஸ் எர்த்துக்கு மாற்றினேன். மீட்டர் வயர், காயில் வயர் எல்லாவற்றையும் திருப்பினேன். முதலாளி வந்து நின்று என்ன செய்கிறாய் என்று கேட்டார். அப்போது சொன்னேன். பேட்டரியை மாற்றி மாட்டியது, காயிலை விட்டது, சத்தியத்துக்கு முதல் நாள் கண்டுபிடித்தது, மறைத்தது. நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒனக்கும் அவனுக்கும் பஸ் கம்பெனியில இருந்தே பழக்கம்ல?"

"ஆமா முதலாளி."

"அதான். இப்ப அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாரே."

"இல்ல முதலாளி. நெசமாத்தான் சொல்றேன்."

"நெசம்னா அன்னைக்குச் சொல்லியிருப்ப. சாமி முன்னால முடிஞ்சு போன விசயம். காரும் போகுது. விடு."

அவருக்குக் கோபம் இல்லை. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் நம்பினார் என்றாவது இருந்திருக்கும்.

அந்த வாரமே எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். டிரைவர் ஊருக்கு வெளியே கிணறு ஆழப்படுத்துகிற வேலையில் இருந்தான். பாறைக்கு வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் மேலே ஏற்றுவார்கள். மேலே இருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். ஏறி வந்தான். தலை, புருவம் எல்லாம் கல் மாவு. என்னைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"வாங்க" என்றான். எனக்கு உட்கார ஒரு கல்லைக் காட்டினான்.

சொன்னேன். காயில் என்று சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினான். முடித்ததும், முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டான். சொன்னேன், நம்பவில்லை என்றேன். கூட வேலை செய்கிறவர்கள் இவர் யார் என்று கேட்டார்கள். அருப்புக்கோட்டை மெக்கானிக்கு, பெரிய கைராசிக்காரர் என்று அவர்களிடம் சொன்னான். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

பிறகு என்னிடம் திரும்பினான்.

"அன்னைக்குக் கோயில்ல ஏழு பேரு நின்னீக. அந்த ஏழு பேரையும் கூட்டி, அதே எடத்துல சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சரி என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். அவன் கிணற்றுக்குள் இறங்கிப் போனான்.

ஏழில் நான் ஒருத்தன். பூசாரி செத்துவிட்டார், அவர் தம்பிதான் பூசை செய்கிறார். பங்க்காரர் ஒரு நடை வந்து போவதற்கு என்ன என்றார், பிறகு வெள்ளிக்கிழமை தோதுப்படாது என்றார். கணக்கப்பிள்ளை பயந்தார். இத்தனை வருஷம் கழித்துக் கிளறினால் சாமி குத்தம் ஆகிவிடும், பொய்யென்று ஆனால் அன்றைக்குத் திருநீறு பூசினவர்கள் எல்லோருக்கும் பாவம் என்றார். முதலாளியிடம் மறுபடி கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேக்டரி ஆட்களில் ஒருவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இன்னொருவன் வருகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். டிரைவர் எனக்கு முன்பே வந்திருந்தான். வெளுத்த சட்டை. கூட அவன் பெண்டாட்டி. அந்த அம்மாளுக்கு விஷயம் தெரியும் போல. என்னை வா என்று சொல்லவில்லை. பேக்டரி ஆள் சைக்கிளில் வந்தான். காத்திருந்தோம். புது பூசாரி வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார். பதினோரு மணி பஸ் போனது. பன்னிரண்டு ஆனது. பேக்டரி ஆள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பினான்.

நான் மடியிலிருந்து சூடத்தை எடுத்தேன். நான் மட்டுமாவது சொல்கிறேன் என்றேன்.

டிரைவர் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"ஆளு இல்லாம யாருட்டச் சொல்லப் போறீக? எனக்குத்தான் தெரியுமே."

அவன் பெண்டாட்டி அப்போதுதான் என்னிடம் பேசியது.

"அன்னைக்கு ஒரு வாய் சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டது.

பதில் இருந்தது. பேர், பேக்டரி வேலை, விருதுநகர்க்காரன். சூடத்தை மறுபடி மடியில் வைத்தேன். திருச்சுழி பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முன்னால் ரோட்டைப் பார்த்தான்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். ஜின்னிங் மிஷினில் பெல்ட் அறுந்து இரண்டு மணி நேரமாக வேலை நின்றிருந்தது. எங்கே போனாய் என்று கணக்கப்பிள்ளை கேட்டார். கோயிலுக்கு என்றேன். பெல்ட்டைத் தைத்து மாட்டினேன்.